பை விலங்கும் விட்டில் பூச்சியும்

தொகுதி, வகுப்பு, வரிசை என்று வகைப்பாட்டை மனப்பாடம் செய்து, பரீட்சை முடிஞ்சதும் மறந்துடறோம். அட்டவணையில் தூரமாக இருக்கும் இரண்டு உயிர்கள் வாழ்க்கையில் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். இரண்டும் ஆஸ்திரேலியாவில் உள்ளவை.

1. மலைக் குள்ளப் போசம்
தொகுதி: முதுகுநாணிகள்
வகுப்பு: பாலூட்டிகள்
வரிசை: டைப்ரோடோடான்ஷியா (கங்காருவும் இதில்தான்)
சிவப்புப் பட்டியலில்: மிக அருகிய இனம்

எடை சுமார் 45 கிராம்தான். குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும். 1895-ல் புதைபடிவ எலும்பைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அழிந்துபோன விலங்கு என்றே நினைத்தார்கள். 1966-ல் ஒரு மலைக் குடிலில் உயிரோடு கிடைத்தது!

2. போகாங் விட்டில் பூச்சி
தொகுதி: கணுக்காலிகள்
வகுப்பு: பூச்சிகள்
வரிசை: லெபிடாப்டீரா (வண்ணத்துப்பூச்சியும் இதில்தான்)
சிவப்புப் பட்டியலில்: அருகிய இனம் (2021 முதல்)

வெயில் காலம் வருமுன் 1000 கி.மீ. வரை ராத்திரியில் பறந்து, குளிர்ந்த மலைப் பாறை இடுக்குகளில் வந்து தங்கும்.

தொகுதியிலேயே இரண்டும் பிரிந்துவிட்டன. ஆனால் பனிக்கு அடியில் மாதக்கணக்கில் தூங்கி எழும் போசத்துக்கு முக்கியத் தீனி இந்தப் பூச்சிதான். 2017 முதல் 2019 வரை கடும் வறட்சி. பூச்சி வரத்து அடியோடு குறைந்தது. பல தாய்ப் போசங்களின் பையிலிருந்த குட்டிகள் பட்டினியால் செத்தன. சின்னப் பூச்சிதானே என்று விட்டால் விலங்கும் போய்விடும்!

பறந்து வரும் பூச்சியை நகரத்து விளக்குகளும் வழி மாற்றுகின்றன. அதனால் அது வரும் மாதங்களில் வேண்டாத விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நம்ம திருவிடந்தைக் கடற்கரைதான் ஞாபகம் வந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை நம் மணலில் முட்டையிடுகிறது. அது ஊர்வன வகுப்பு. சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனம். சுமார் 50 நாளில் பொரியும் குஞ்சுகள், வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்று ஓடும். ரோட்டு லைட்டும் வீட்டு லைட்டும் பளிச்சென்று எரிந்தால் கடலை விட்டு ஊர்ப் பக்கம் வந்து, காலையில் வெயிலில் காய்ந்து சாகும்.

எனவே கடலோரத்தில் வீடு உள்ளவங்க மே மாதம் வரை கடல் பக்க லைட்டை ராத்திரியில் அணைச்சிடுங்க. கரண்ட் பில்லும் குறையும்!

யோசிக்க: நம்ம ஊரில் எந்தப் பூச்சியை நம்பி எந்த விலங்கு வாழ்கிறது? கண்டுபிடித்து அடுத்த இதழுக்கு எழுதித் தாருங்கள்.