காய்வதா, இறுகுவதா? முன்வார்ப்பு கான்கிரீட் ஆலையில் ஒரு களப்பயணம்

“கான்கிரீட் எப்படிக் கெட்டியாகிறது?” என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். “காய்ந்து கெட்டியாகிறது” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எங்கள் வகுப்பிலும் அப்படித்தான். “அப்புறம் ஏன் சார் எங்க அப்பா தளம் போட்டு மறுநாளே பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துறாரு?” என்று கொத்தனார் வீட்டுப் பையன் ஒருவன் திருப்பிக் கேட்டான். காய வேண்டிய பொருளுக்கு எதற்குத் தண்ணீர்? இந்தக் கேள்வியோடுதான் மின்கம்பம், வடிகால் பெட்டி, சுவர்ப் பலகை ஆகியவற்றை வார்த்துக் கொடுக்கும் ஆலை ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன்.

தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம் எல்லாம் நீங்கள் அறிந்தவையே. ஒன்று மட்டும் சொல்கிறேன். செருப்பு அணிந்து வருவோரை ஆலைக்குள் விடமாட்டார்கள். எல்லோருக்கும் ஷூ இருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். தலைக்கவசம் ஆலையிலேயே கிடைத்தது.

முதலில் கலவை. சிமெண்ட், எம்-சாண்ட், ஜல்லி, தண்ணீர் நான்கும் எடைபோட்டே சேர்க்கப்படுகின்றன. சிமெண்டின் எடையில் 0.4 பங்கு தண்ணீர் என்று பொறியாளர் சொன்னதும், 50 கிலோ மூட்டைக்கு 20 லிட்டர் என்று ஒரு மாணவி உடனே கணக்கிட்டாள். குழைவாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டினால், வினையில் சேராமல் மிஞ்சும் நீர் பிறகு ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லும், வலிமை குறையும். வேலையிடத்தில் ‘இன்னும் ஒரு வாளி ஊத்து’ என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தப் பிள்ளைகளுக்குப் புரிந்தது.

மின்கம்பம் வார்க்கும் இடத்தில்தான் அதிக நேரம் நின்றோம். நீளமான இரும்பு அச்சுகள் வரிசையாக இருக்கின்றன. எண்ணெய் தடவிய அச்சுகளின் வழியே மெல்லிய உயர் இழுவிசைக் கம்பிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுகின்றன. ஜாக்கியால் அவற்றை இழுத்துப் பூட்டிய பிறகே கான்கிரீட் கொட்டுகிறார்கள். வைப்ரேட்டர் அதிர அதிரக் காற்றுக் குமிழிகள் வெளியேறுகின்றன. கான்கிரீட் போதிய வலிமை பெற்றதும் கம்பிகளை முனையில் வெட்டிவிடுகிறார்கள். இழுபட்ட கம்பி சுருங்கப் பார்க்கும். தன்னைப் பற்றியிருக்கும் கான்கிரீட்டையும் சேர்த்து அமுக்கும். இதுதான் முன்தகைவு. பிரெஞ்சுப் பொறியாளர் ஃப்ரெய்சினே 1928இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இதை வகுப்பில் விளக்கச் சாக்பீஸ் போதும். நிற்க வைத்து மேலிருந்து அமுக்கினால் தாங்கும்; வளைத்தால் பட்டென்று ஒடியும். கான்கிரீட்டும் அப்படியே. அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையில் அதன் வலிமை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அடுத்து, ஐந்தாறு சாக்பீஸ் டப்பாக்களை வரிசையாக வைத்து இரு கைகளால் பக்கவாட்டில் அழுத்தித் தூக்குங்கள். ஒட்டாத டப்பாக்கள் ஒரே கட்டைபோல எழும்பும். இரு கைகளும் செய்யும் வேலையைத்தான் கம்பத்துக்குள் கம்பி செய்கிறது.

ஆய்வகத்தில் 15 செ.மீ. பக்க அளவுள்ள கனசதுரங்களை 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்க்கிறார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் தாங்க வேண்டும் என்றால் மொத்தம் எவ்வளவு? ஒரு முகத்தின் பரப்பு 22,500 சதுர மி.மீ.; விசை 9,00,000 நியூட்டன். ஏறத்தாழ 92 டன் எடை. யானை ஒன்று 4 டன் என்று வைத்துக்கொண்டால் 20 யானைகளுக்கு மேல்! கணித ஆசிரியருக்கு இந்தக் கணக்கைத் தந்துவிட்டேன்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். வார்த்தவற்றைத் தார்ப்பாயால் மூடி உள்ளே நீராவி செலுத்துகிறார்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சிமெண்டுக்கும் நீருக்கும் இடையிலான வினை விரைவாகும். அச்சை மறுநாளே கழற்றலாம். நீர் வெளியேறுவதால் அல்ல, சிமெண்டோடு வினைபுரிவதால்தான் கான்கிரீட் இறுகுகிறது. தண்ணீர் நிறுத்தும் கொத்தனார் செய்வதும் அந்த வினை நின்றுவிடாமல் காப்பதுதான். “அப்பாகிட்ட சொல்றேன் சார்” என்றான் அந்தப் பையன்.

புறப்படும் நேரத்தில் ஒரு மாணவி பொறியாளரிடம் கேட்டாள்: “எங்கம்மா சித்தாள் வேலைக்குப் போறாங்க. சுவரே இங்கிருந்து போயிட்டா அவங்களுக்கு வேலை இருக்குமா சார்?” அவர் சற்று யோசித்தார். கட்டுமான இடத்தில் ஆள் குறையத்தான் செய்யும் என்று மறைக்காமல் சொன்னார். இங்கே கம்பி கட்டவும், கிரேன் இயக்கவும், ஆய்வகத்தில் சோதிக்கவும் ஆள் வேண்டும், ஆனால் அதற்குப் பயிற்சி தேவை என்றார். அவள் “அம்மாவுக்கு நாப்பது வயசு” என்றாள். அதற்கு அவரிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. மறுவாரம் சமூக அறிவியல் ஆசிரியை இதையே விவாதத்துக்கு எடுத்துக்கொண்டார். தொழிற்பயிற்சி நிலையத்தில் என்னென்ன பிரிவுகள் உண்டு, பெண்கள் சேரலாமா என்று அந்த மாணவிதான் அதிகம் கேட்டாளாம்.

வகுப்புக்குத் திரும்பியதும் செய்த சோதனை எளிது. இரண்டு நெகிழிக் குவளைகளில் சிமெண்ட் குழம்பு. சில மணி நேரம் கழித்து ஒன்றை அப்படியே வாளித் தண்ணீரில் மூழ்கவைத்தோம்; மற்றொன்று வெளியே. ஒரு வாரம் கழித்துத் தண்ணீருக்குள் இருந்ததும் கல்லாகியிருந்தது. குழம்பில் தொட்ட சிவப்பு லிட்மஸ் நீலமானது. அதனால்தான் கையுறை இல்லாமல் தொடவிடக் கூடாது.

ஆலை அருகில் இல்லாத பள்ளிகள் கவலைப்பட வேண்டாம். கிணற்று உறையும் ஹாலோ பிளாக்கும் வார்க்கும் பட்டறை பல ஊர்ச் சாலையோரங்களில் இருக்கிறது. அதுவும் முன்வார்ப்புதான். அங்கே உறை வார்ப்பவரிடம் இரண்டு கேள்விகளை மாணவர்களே கேட்கட்டும்: இதை என்றைக்கு வார்த்தீர்கள்? எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினீர்கள்?