தட்டில் அடங்கிய நாதம்

இசை பாடுதல் ஒரு கலை. அதனைப் பதிந்து வைத்தல் மற்றொரு கலை. பின்னதைப் பொறியின் தொழிலென்றே கருதுவார் பலர். கண்ணாடி முகத்தைக் காட்டுமாறுபோலப் பொறியும் இசையை உள்ளவாறே காட்டிவிடும் என்பது அன்னார் எண்ணம். அஃது அத்துணை எளிதன்று என்பதனை நம் பொருநை நாட்டுக் கலைஞர் இருவருடைய பதிவுகளைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முன்னவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906-ஆம் ஆண்டிற் பிறந்து, முப்பது வயது நிரம்பாமுன்னரே 1933-இல் மறைந்தவர். ஒலிபெருக்கியின் துணையின்றிக் கொட்டகையின் கடைசி வரிசைவரை கேட்கப் பாடிய குரல் அவருடையது. நாடக மேடையிலே காலத்திற்கு வரம்பில்லை; சபையோர் ‘ஒன்ஸ்மோர்’ என்று கூவினால் கதை நிற்கும், பாட்டு வளரும். (மரணத் தறுவாயிலிருக்கும் அரசனும் எழுந்து மறுமுறை பாட வேண்டியதுதான்!) இசைத்தட்டோ அவ்வுரிமையைத் தரவில்லை. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஊசி மெழுகிற் கீறிச் செல்லும்போது பிழை நேர்ந்தால் அவ்விடத்தை மட்டும் திருத்த வழியில்லை. முழுவதையும் மீண்டும் பாடவேண்டும். 1925-ஆம் ஆண்டில் மின்சாரப் பதிவுமுறை தோன்றுமுன்னர்த் தொல்லை இன்னும் மிகுதி. பாடுவோர் ஒரு கொம்பின் வாயருகே நின்று பாடுவர். குரல் அளவிறந்தால் ஊசி தன் வரை விட்டு அடுத்த வரையிற் பாயும், தாழ்ந்தாலோ கீறலே விழாது. ஒலிவாங்கி வந்து இத்துன்பத்தைப் போக்கிற்றேயன்றி மூன்று நிமிட எல்லையை நீட்டவில்லை.

இவ்வெல்லைக்குள் கிட்டப்பா செய்தது யாது? தியாகராசரது ‘எவரனி’ என்னும் கிருதியை அவர் பாடிய தட்டைக் கேட்போர்க்கு, ஏதோ குறைத்துப் பாடினார் என்ற நினைவே எழாது. நெடிய ஆலாபனைக்கு அங்கு இடமில்லை. மின்னற்போல் விரையும் பிருகாக்களில், இராகத்தின் உருவம் நம் செவியில் நின்றுவிடுகிறது. எதனைப் பாடுவதென்பதினும் எதனை விடுவதென்பதே இங்குப் பெரிய கேள்வி. தட்டு நம் சங்கீதத்தைச் சுருக்கிக் கெடுத்ததென்று பெரியோர் சிலர் வருந்துவதுண்டு. அவ்வருத்தம் முற்றும் பொய்யன்று. விடியுமளவும் பாடிய கிட்டப்பாவை நாம் இழந்தோம். மூன்று நிமிடக் கிட்டப்பாவே நமக்கு எஞ்சினார்.

பின்னவர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). சேரன்மாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையே உள்ள காருகுறிச்சியைத் தமிழுலகம் அறியச் செய்தவர், திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளையின் மாணாக்கர். 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ என்னும் படத்தில், எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையமைப்பில், ஆபேரி இராகத்தில் ‘சிங்கார வேலனே தேவா’ என்னும் பாட்டிற்கு இவர் நாதசுரம் வாசித்தார், பாடியவர் எஸ். ஜானகி.

இதன்கண் உள்ள இடர்ப்பாட்டைச் சற்றே சிந்தியுங்கள். நாதசுரம் தேரோடும் வீதிக்கென அமைந்த கருவி. பெண்குரலோ ஓர் அறையை நிரப்பினாற் போதும். இரண்டையும் ஒரே ஒலிவாங்கியின் முன் ஒரே தொலைவில் நிறுத்தினால் குரல் அழிந்துபோம். நாதசுரத்தைத் தூரத்தில் நிறுத்தினாலோ, சீவாளியின் நுண்ணிய மூச்சு கெட்டு, சுவர்களின் எதிரொலி முன்வந்து நிற்கும். அப்பாட்டிலோ குரலும் குழலும் ஒத்த அளவினவாய்ச் சுரத்துக்குச் சுரம் விடை கூறுகின்றன. எந்தத் திருவீதியிலும் எவரும் அவ்வாறு கேட்டிருத்தல் இயலாது! ஆகவே அது நிகழ்ந்ததன் நிழல் அன்று. புதிதாய் ஆக்கப்பட்டதோர் இசை. ஆசிரியர் வழிவந்த நீண்ட பாரி நாதசுரத்தின் தாழ்ந்த சுருதியும், அருணாசலத்தின் பொறுமையும் அதற்குத் துணை நின்றன. பாடியவர் பெயரும் வாசித்தவர் பெயரும் அனைவர் நாவிலும் உள. ஒலியைச் சமன்செய்தார் யாரெனக் கேட்பார் அரியர்.

இந்நாளில் மாணவர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு பதிவுப்பொறி உண்டு. கால எல்லை இல்லை. வெட்டவும் ஒட்டவும் தடையில்லை. ஆயினும் அம்மன் கொடையில் வில்லுப்பாட்டைப் பதிந்து வருவோர் நமக்குக் கேட்பிப்பது பெரும்பாலும் குடத்தின் அதிர்வும் ஒலிபெருக்கியின் இரைச்சலுமே. கைப்பேசியைக் கூட்டத்தின் நடுவே உயர்த்திப் பிடித்தால் வேறென்ன கிடைக்கும்? ஒலிபெருக்கியை விட்டு விலகிப் பாட்டுக்காரர் அருகே செல்க. குடமடிப்போர் பக்கம் இராமல், பின்பாட்டின் பக்கம் அமர்க. முதலில் ஐந்து நிமிடம் பதிந்து, அங்கேயே கேட்டுப் பார்த்து, இடம் மாற்றுக. பெண்கள் இடும் குலவை பதிவில் வரவேண்டுமா, பாட்டு மட்டும் போதுமா என்பதனை வில்லில் முதற்கோல் விழுமுன்னரே தீர்மானித்துக்கொள்க. நம்மைக் கேட்டால், குலவையும் வரட்டும் என்போம். அம்மன் கொடையில் அதுவும் பாட்டின் ஓர் உறுப்பே.