திருவாலங்காட்டு நடராஜரை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

கடம்பத்தூரில் அரக்கோணம் லோக்கல் ஏறினா மூணாவது ஸ்டேஷன் திருவாலங்காடு. அந்த ஊர் பெயரால் உலகமே அறிந்த சோழர் கால நடராஜர் வெண்கலச் சிலை, இப்போ எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கு. சிற்பம் பார்க்கப் பழக இதைவிட நல்ல பாடம் நமக்குப் பக்கத்தில் இல்லை.

உடுக்கைன்னா படைப்பு, நெருப்புன்னா அழிப்பு, காலடியில் கிடக்கும் முயலகன் அறியாமை. இதெல்லாம் கூகுள் பண்ணினா ரெண்டு நிமிஷத்தில் கிடைக்கும். ஆனா எல்லா நடராஜருக்கும் இதே அர்த்தம்தானே? சர்க்யூட் டயகிராமில் சிம்பல் தெரிஞ்ச மாதிரிதான் அது. அப்புறம் இது மட்டும் ஏன் தனியா நிக்குது?

இதில் சுற்றியிருக்கும் திருவாசி இல்லை, விரிந்த சடையும் இல்லை. மிச்சம் உடம்பு மட்டும். முழு எடையும் மடங்கிய வலது காலில். இடது கால் குறுக்கே எழும்புது, கைகள் அதை ஈடுகட்டுது. (சென்டர் ஆஃப் கிராவிட்டி எங்கேன்னு யோசிச்சுப் பாருங்க!) இவ்வளவு அசைவிலும் முகம் அமைதியா இருக்கு. அர்த்தம் அந்த முரணில்தான்னு எனக்குப் படுது.

பிரெஞ்சு சிற்பி ரோதான் இதை போட்டோவில் பார்த்தே எழுதினார். அவர் இறந்து நாலு வருஷம் கழிச்சு, 1921-இல் அது வெளிவந்தது. அவர் கவனிச்சதும் உதடு, கால், நிழல் இவற்றைத்தான்.

செய்முறை நாம படிக்கும் இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்தான்: மெழுகு உருவம், மேலே மண், மெழுகை உருக்கி வடிச்சு உலோகம் ஊற்றி, அச்சை உடைக்கணும். ஒரு அச்சுக்கு ஒரே சிலை. இலக்கணம் ஒண்ணா இருந்தும் ரெண்டு நடராஜர் ஒரே மாதிரி இருக்காததுக்கு இதுவும் ஒரு காரணம்.

எழும்பூர் போனா பெயர்ப்பலகையைக் கடைசியா படிங்க. முதல்ல அந்த வலது முழங்காலைப் பாருங்க.