புதிதாக எடுத்த ஐ.டி.பி. ஒகினாவாவில் ஏன் செல்லவில்லை?

கேள்வி: நான் ஓட்டப்பிடாரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியன். என் மகன் 2022 செப்டம்பரிலிருந்து ஜப்பானில் வேலை பார்க்கிறான். 2024 ஜனவரி 12-ம் தேதி பொங்கலுக்கு ஊருக்கு வந்து, பிப்ரவரி 4-ம் தேதி திரும்பிப் போனான். இடையில், ஜனவரி 20 அன்று, தூத்துக்குடியில் ஒரு டிராவல் ஏஜென்சிக்கு நான், மனைவி, மகன் மூவரும் நேரில் போய் ஒகினாவா தீவுச் சுற்றுலாவுக்கு 4,10,000 ரூபாய் கட்டினோம். நஹா நகரை வழிகாட்டியுடன் கோ-கார்ட்டில் சுற்றிப் பார்ப்பதும் அதில் அடக்கம். "தம்பிக்கு ஐ.டி.பி. மட்டும் எடுத்துருங்க சார், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்கள். அந்தச் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை அந்த வாரமே நம் மாவட்ட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுத்தோம்.

மார்ச் 9-ம் தேதி மகன் கார்ட்டை ஓட்டியபோது, நின்றுகொண்டிருந்த ஒரு காரில் மோதிவிட்டது. யாருக்கும் காயமில்லை. போலீஸ் வந்து பார்த்து, அவனிடம் இருந்த ஐ.டி.பி. செல்லாது, இது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம் என்று பதிவு செய்தார்கள். பிறகு 3,00,000 யென் அபராதம் வந்தது, கட்டிவிட்டான். கார்ட் கடை ரிப்பேருக்கென்று 4,20,000 யென் வாங்கிக்கொண்டது. ஏஜென்சி கையை விரித்துவிட்டது. புதிதாக எடுத்த ஐ.டி.பி. எப்படிச் செல்லாமல் போகும்? முன்னால் வழிகாட்டி போக, பின்னால் ஊர்ந்து போகிற பொம்மை வண்டிக்கு லைசென்ஸ் எதற்கு? ஏஜென்சி மீதும் ஆர்.டி.ஓ. மீதும் வழக்குப் போடலாமா? ஏஜென்சி எழுதித் தந்த சீட்டு கையில் இல்லை. செல்போன் மாற்றியதில் வாட்ஸ்அப் செய்திகளும் போய்விட்டன.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், காரணம் உங்களுக்கு நாள் குறைவு. ஏஜென்சி மீது தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடலாம். ஆர்.டி.ஓ. மீது வழக்கு நிற்காது என்பது என் கருத்து. அவர்கள் கொடுத்த ஐ.டி.பி.யில் பிழை எதுவும் இல்லை. உங்கள் மகனின் கையில் அது செல்லாமல் போனதுதான் விஷயம்.

வண்டியைப் பொம்மை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். பூங்காவுக்குள் வேலி கட்டி ஓட்டும் கார்ட் வேறு. நஹாவில் நீங்கள் பார்த்தது நம்பர் பிளேட், விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் உள்ள வண்டி. ஜப்பான் சட்டத்தில் அது ‘மினி கார்’ என்ற வகை. இன்ஜின் 50 சி.சி.க்கு உட்பட்டது. ஓட்டுகிறவரிடம் சாதாரணக் கார் லைசென்ஸ் இருந்தே ஆக வேண்டும். நஹாவின் கொக்குசாய்-தோரி என்ற கடைத்தெருவில் பஸ்ஸும் டாக்சியும் ஓடும் அதே தடத்தில்தான் கார்ட்டும் போகிறது. தரையை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் பக்கத்துக் கார் டிரைவரின் கண்ணுக்குக்கூடத் தெரியாது. வழிகாட்டி வழி காட்டுவார், சிக்னலில் வரிசையைச் சேர்த்துக்கொள்வார். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்தான் சட்டத்துக்கு டிரைவர். நம்மைப் போலவே அங்கும் இடது பக்கம் ஓட்டுவதால் நம்மவர்களுக்கு ஒரு துணிச்சல் வந்துவிடுகிறது. அது ஓட்டும் பழக்கத்துக்கு உதவும். ஓட்டும் உரிமையைத் தராது.

இனி, வழக்கையே தீர்மானிக்கும் விஷயம். உங்கள் மகன் ஜப்பானுக்குத் திரும்பிய அந்த பிப்ரவரி 4-ம் தேதிதான் அது.

1949-ம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியாவும் இருக்கிறது, ஜப்பானும் இருக்கிறது. அதனால் நம் ஆர்.டி.ஓ. தரும் ஐ.டி.பி.யை ஜப்பான் ஏற்கிறது. ஆனால் அதற்கு இரண்டு கெடு உண்டு. ஐ.டி.பி. எடுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டு. ஜப்பானில் வந்து இறங்கிய நாளிலிருந்து ஓர் ஆண்டு. இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு சரி. ‘மகன் பிப்ரவரி 4-ல்தானே இறங்கினான்’ என்று நீங்கள் கேட்பீர்கள். சிக்கலே அங்கேதான். ஜப்பானில் குடியிருப்பவராகப் பதிவான வெளிநாட்டவர் வெளியே போய் மூன்று மாதத்துக்குள் திரும்பினால், அந்தத் திரும்பிய நாளை அந்த நாட்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ‘இறங்கிய நாள்’ என்று எடுத்துக்கொள்வதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊருக்குப் போய்ப் புது ஐ.டி.பி. எடுத்து வந்தே காலம் தள்ளுவதைத் தடுக்கப் போட்ட விதி அது. உங்கள் மகன் ஊரில் இருந்தது 24 நாள். ஆகவே அவருடைய கணக்கு 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. புது ஐ.டி.பி.யால் அதைத் திரும்பத் தொடங்க முடியாது. சுற்றுலா விசாவில் முதன்முறையாகப் போன நீங்கள் ஐ.டி.பி. எடுத்து ஓட்டியிருந்தால் சட்டப்படி சரியாக இருந்திருக்கும். அங்கேயே வாழும் மகன்தான் ஓட்டக் கூடாதவராகிவிட்டார்.

ஆகவே ஜப்பான் போலீஸ் செய்தது சரி. அங்கே லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 5,00,000 யென் வரை அபராதம். மகனுக்கு அபராதத்தோடு போனது.

இங்கே ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தோடு வந்த நகலைப் பார்த்தால், அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சுருக்க விசாரணைக்குச் சம்மதம் என்று மகன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதன்படி வரும் அபராத உத்தரவு கைக்கு வந்த 14 நாளுக்குள் முழு விசாரணை கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. சொன்னதை நம்பி ஓட்டினேன், ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று எடுத்துச் சொல்லியிருக்கலாம். தீர்ப்பு மாறியிருக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை. ஆனால் தெரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்துப் போட்டு, பணத்தைக் கட்டி, அம்மா அப்பாவுக்குச் சொன்னால் வருத்தப்படுவார்கள் என்று ஒரு மாதம் மறைத்திருக்கிறார். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் ஒவ்வொரு பெற்றோரும் இன்றே போன் போட்டுச் சொல்லுங்கள்: படித்துப் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்; மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உரிமை. அந்தத் தண்டனை இனி விசா நீட்டிப்பின்போது பார்க்கப்படலாம். அதற்கு மகன் அங்குள்ள ஒரு வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும். நான் இங்கிருந்து அதில் சொல்ல எதுவும் இல்லை.

இப்போது ஏஜென்சி. விபத்து நடந்து 20 மாதம் கழித்து எழுதுகிறீர்கள். இந்த 20 மாதத்தில் ஒரு வக்கீல் நோட்டீஸ்கூட அனுப்பவில்லை. ‘பேசிப் பார்த்தோம், தருகிறோம் என்றார்கள், தீபாவளி கழியட்டும் என்றார்கள்’ என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். இப்படிப் பேச்சிலேயே காலம் போன வழக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 69-வது பிரிவு இரண்டே ஆண்டுதான் தருகிறது. எதிர்த்தரப்பு வாயால் ‘தருகிறோம்’ என்று சொன்னதால் அந்தக் கெடு நீளாது. விபத்து நாளிலிருந்து எண்ணினால் 2026 மார்ச் 8, அது ஞாயிற்றுக்கிழமை. ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று அவர்கள் வாதாடக்கூடும். அப்படியானால் ஜனவரி 20-க்கு முன்பே முடிந்துவிடும். நான் உங்கள் வக்கீலாக இருந்தால் பொங்கலுக்கு முன் தாக்கல் செய்துவிடுவேன். தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனுப் போடலாம்தான். அதற்குப் போதிய காரணம் காட்ட வேண்டும். ‘பேசிக்கொண்டிருந்தோம்’ என்பது போதிய காரணம் ஆகாது.

சீட்டைத் தொலைத்ததும் செய்திகளைத் தொலைத்ததும் அதைவிடப் பெரிய குறை. நீங்கள் வ.உ.சி. பிறந்த ஊர்க்காரர். அவரும் ஒரு வக்கீல். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைச் சட்டப்படி பதிவு செய்து, அதற்கான தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளையர் கம்பெனியோடு கடலில் போட்டியிட்டார். நீங்களோ நாலு லட்சம் ரூபாயைக் கொடுத்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டோடு வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், பில் கேட்கவில்லை.

எல்லாம் போய்விடவில்லை. மகனின் போனில் அதே செய்திகள் இருக்கலாம். இன்றைக்கே தேடச் சொல்லுங்கள். இருந்தால் அந்தப் போனை விற்கவோ மாற்றவோ கூடாது. பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழோடு தாக்கல் செய்தால்தான் அது சாட்சியம் ஆகும், வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. பணம் போன வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். மிக முக்கியமானது, அன்று ஏஜென்சியில் மகனின் பாஸ்போர்ட்டையும் ஜப்பான் குடியிருப்பு அட்டையையும் ஜெராக்ஸ் எடுத்தார்களா என்பதை மூவரும் நினைவுபடுத்திப் பாருங்கள். எடுத்திருந்தால், இவர் அங்கே வசிப்பவர் என்று தெரிந்தே ‘ஐ.டி.பி. போதும்’ என்று சொன்னார்கள் என்றாகும். சேவைக் குறைபாடு என்ற உங்கள் வழக்கு அந்த ஜெராக்ஸில்தான் நிற்கிறது. அது அவர்கள் கோப்பில் இருந்தால், கொண்டுவந்து காட்டச் சொல்லும்படி ஆணையத்திடம் கேட்கலாம். மகன் வெறும் சுற்றுலாப் பயணி என்று நினைத்தோம் என்று அவர்கள் சொல்லி, அதை உடைக்க உங்களிடம் தாள் எதுவும் இல்லாவிட்டால், வழக்கு மிகப் பலவீனமாகிவிடும்.

இன்னொரு தாளைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. கார்ட் கடையில் ஓட்டுமுன் ஒரு படிவம் நிரப்பச் சொல்லியிருப்பார்கள். அதில் ஜப்பானில் வசிக்கிறீர்களா, எப்போது இறங்கினீர்கள் என்ற கேள்வி இருந்ததா, மகன் என்ன எழுதினார்? உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். வக்கீலிடம் மறைத்தால் எதிர்த்தரப்பு அதை ஆணையத்தில் எடுத்துக் காட்டும்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பீர்கள். அபராதத்தை ஏஜென்சி தலையில் வைக்க முடியாது. குற்றத்துக்கான தண்டனையை இன்னொருவரிடம் வசூலிக்க ஆணையம் சம்மதிக்காது என்றே எதிர்பார்க்க வேண்டும். நின்ற காரில் மோதியது மகனின் கை. அதிலும் முழுத் தொகை கிடைப்பது கடினம். கார்ட் சுற்றுலாவுக்கான தொகை, ரிப்பேர் செலவில் ஒரு பங்கு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு, இவற்றைக் கேட்கலாம். எந்தத் தொகைக்கும் நான் வாக்குத் தர முடியாது.

மனுவை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 34-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் ஆணையக் கட்டணம் கிடையாது. மகனின் சாட்சியம் அவசியம். அவர் அங்கிருந்தே உறுதிமொழிப் பத்திரத்தை இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். ஜப்பான் தாள்களுக்கு மொழிபெயர்ப்பும் வேண்டும். போலீசில் பதிவான விபத்து என்பதால் விபத்துச் சான்றிதழுக்கு அவர் உடனே விண்ணப்பிக்கட்டும். அதற்கும் கெடு உண்டு.

மகன் இனி அங்கே ஓட்ட வேண்டுமென்றால் இந்திய லைசென்ஸை ஜப்பான் லைசென்ஸாக மாற்றிக்கொள்ள வேண்டும். நம் நாட்டவருக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. 2025 அக்டோபர் முதல் எழுத்துத் தேர்வில் 50 கேள்விகள். லைசென்ஸ் எடுத்தபின் இந்தியாவில் மூன்று மாதமாவது இருந்ததற்குப் பாஸ்போர்ட் முத்திரை காட்ட வேண்டும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

நான் எழுதியது உங்கள் கடிதத்தையும் ஒரு நகலையும் வைத்து மட்டுமே. தாள்கள் அத்தனையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தூத்துக்குடியில் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். கட்டணம் கட்ட வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு. அந்தப் பயணத்தில் உங்கள் மனைவியும் இருந்தார். அவரையும் மனுதாரராகச் சேர்க்க முடியுமா என்று அந்த வழக்கறிஞரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.