மின்மாற்றியும் மூப்பெய்தும்

ரொறன்ரோ நகரின் தெருவோர மரத்தூண்களிற் சாம்பல்நிற உருளைக் கலங்கள் பொருத்தப்பட்டிருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவையே மின்மாற்றிகள். தெருக்கம்பியில் வரும் உயர் மின்னழுத்தத்தைக் குறைத்து வீடுகளுக்கு வழங்குபவை அவை. அசையும் உறுப்பு எதுவும் இல்லாத இக்கருவிக்கும் மூப்பு உண்டு.

கலத்தினுள்ளே கம்பிச் சுருள்கள் எண்ணெயில் அமிழ்ந்துள்ளன. அச்சுற்றுகளிடையே மின்காப்பாக அமைவது மரக்கூழினாற் செய்த தாள். மின்னோட்டம் இருமடங்கானால் சுருளிற் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். அச்சூட்டில் தாளின் இழைகள் சிறிது சிறிதாக அறுகின்றன. எண்ணெயை மாற்றலாம், நைந்த தாளை மீட்க இயலாது. எனவே தாளின் ஆயுளே மின்மாற்றியின் ஆயுளாகும்.

சாதாரணத் தாளுக்குப் பொறியியலார் கொள்ளும் விதி ஒன்றுண்டு. சுருளின் மிகச் சூடான இடம் 98 பாகை செல்சியஸாக இருப்பின் தேய்வு இயல்பானது. அதற்குமேல் ஒவ்வொரு 6 பாகைக்கும் தேய்வு இருமடங்காகும். 6 பாகை குறைந்தாற் பாதியாகும். ஆகவே 110 பாகையில் ஒரு நாள் கழியின் நான்கு நாள் ஆயுள் போய்விடும். அவ்விழப்பை ஈடுசெய்ய 92 பாகையில் ஆறு நாள்கள் கழிதல் வேண்டும். ஒரு நாள் வெம்மையும் ஒரு நாள் தண்மையும் சமனாகா என்பதை இதனால் அறிகிறோம்.

இனிப் பருவங்களை நோக்குவோம். ஒன்ராறியோ மாகாணத்தின் மின்தேவை 2004 டிசம்பர் 20 அன்று 24,979 மெகாவாட்டை எட்டியது. 2006 ஓகஸ்ட் 1 அன்றோ அது 27,005 மெகாவாட்டாயிற்று. பனிக்காலத்திற் சுமை மிகுந்தாலும் உறைகுளிர் கலத்தின் வெப்பத்தை விரைந்து கவர்ந்துகொள்ளும். கோடையிலோ வெளிக்காற்றும் சுடும். குளிரூட்டிகள் இரவிலும் ஓயா. கலம் ஆறுவதற்கு நேரமே வாய்க்காது. இன்று மின்னூர்திகளுக்கு மின்னூட்டலும் அவ்விரவுச் சுமையிற் சேர்கின்றது.

மின்மாற்றி பழுதுற்றால் அதனைச் சார்ந்த வீடுகள் யாவும் ஒருங்கே இருளும். வெப்ப அலையின்போது முதியோரும் குழந்தைகளுமே பெரிதும் வாடுவர். ஆதலால், வெயில் மிகுந்த நாள்களின் மாலையில் துணி உலர்த்தியையும் மின்னூட்டியையும் ஒருங்கே இயக்காதிருப்போம். அயலாரோடு பகிர்ந்துகொள்ளும் பொருளைப் பேணுதல் நம் கடமையன்றோ!

மாணவர்களுக்கு ஒரு கணக்கு: சூடான இடம் ஒரு நாள் முழுதும் 86 பாகையிலும், மறுநாள் முழுதும் 104 பாகையிலும் இருந்தால், இரு நாள்களிலும் தேய்ந்த ஆயுள் எத்தனை நாள்? (விடை: இரண்டேகால் நாள்)