புளியங்கொட்டையும் அரை ஆயுட்காலமும்

முதலாண்டு பௌதிகத்தில் கதிரியக்கப் பாடம் உங்களுக்கு நினைவிருக்கும். அரை ஆயுட்காலம் வேண்டுமா, 0.693-ஐ லாம்டாவால் வகு. நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன், மார்க்கும் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், 8 நாளில் பாதி போனால் 16 நாளில் மீதியும் தீர்ந்துவிடும் என்றுதான் என் மண்டையில் இருந்தது.

அதை மாற்றியது ஒரு பை புளியங்கொட்டை. தாயம் ஆட ஒரு பக்கம் தேய்ப்போமே, அதேபோல் பேட்சுக்கு 100 கொட்டை தேய்த்து வரச் சொன்னார் சார். ஒவ்வொரு கொட்டையும் ஒரு அணு. டப்பாவில் போட்டுக் குலுக்கித் தரையில் கொட்ட வேண்டும். வெள்ளை விழுந்தால் அந்த அணு சிதைந்தது, ஓரமாக எடுத்து வை. கறுப்பை எண்ணி எழுது. கறுப்பை மட்டும் மறுபடி குலுக்கு. அவ்வளவுதான்.

எங்களுக்கு வந்தது: 100, 53, 27, 12, 7, 3, 1, 1, 0. பக்கத்து பேட்சில் முதல் வீச்சிலேயே 44தான் மிச்சம். "தப்பாப் போட்டுட்டோமா சார்?" என்று பயந்தார்கள். ஆறு பேட்சையும் கூட்டச் சொன்னார் சார். 600, 304, 149, 77. கிட்டத்தட்ட பாதி பாதி! எந்தக் கொட்டை எப்போது விழும் என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்து தடவை தப்பித்த கொட்டைக்கு ஆறாவது தடவை விழும் வாய்ப்பு கூடுவதும் இல்லை. அணுவுக்கு வயசே ஆகாது. கூட்டத்துக்குத்தான் கணக்கு.

(தேய்த்த கொட்டை சரிபாதியாக விழாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். 100க்கு 40தான் விழுகிறது என்றால் 100, 60, 36. அப்போது அரை ஆயுள் ஒன்றேகால் வீச்சுக்குச் சற்று அதிகம். தாயக்கட்டை மாறலாம், விதி மாறாது.)

பரீட்சைக்கு இது போதும். ஆனால் லீவுக்கு ஊருக்குப் போனபோதுதான் உண்மையான பரீட்சை வந்தது.

அம்மாவுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரந்ததால் அயோடின்-131 கொடுத்திருந்தார்கள். அதன் அரை ஆயுள் 8 நாள். இத்தனை நாள் குழந்தையைத் தூக்க வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த நாட்கள் முடிந்தும் அக்கா தன் ரெண்டு வயசுப் பையனை அம்மாவிடம் விடவில்லை. அத்தை அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. அம்மா எதுவும் சொல்லாமல் திண்ணையில் தனியாகச் சாப்பிட்டது எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அத்தை என்னைத்தான் பிடித்தார். "நீ படிக்கிறவன்தானே, சொல்லு. பாதி பாதியாக் கொறைஞ்சா என்னைக்குடா முடியும்? முடியவே முடியாதே!"

நான் வகுப்பில் கேட்க மறந்த கேள்வி! கொட்டையை எடுத்துப் பரப்பினேன். ஒரு வீச்சு 8 நாள். அத்தையே குலுக்கினார். ஏழாவது வீச்சில் இரண்டு, எட்டிலும் இரண்டு, ஒன்பதில் ஒன்று, பத்தில் காலி. "அணுவையும் இப்படி ஒண்ணொண்ணா எண்ணலாம் அத்தை. அரை அணுன்னு கிடையாது" என்றேன். ஆனால் அணுக்கள் கோடானுகோடி என்பதால் இன்னும் பல வீச்சு ஆகும். பத்து வீச்சில், அதாவது 80 நாளில், 1024-ல் ஒரு பங்குதான் மிச்சம். சிதைந்தது காணாமல் போவதில்லை, செனான் என்ற வாயுவாகிவிடுகிறது. இதெல்லாம் சிதைவு மட்டும். அயோடினில் ஒரு பகுதி சிறுநீரிலேயே போய்விடுவதால் உடம்பில் இன்னும் வேகமாகக் குறையும். டாக்டர் எழுதிய நாட்கள் இதையெல்லாம் பார்த்து எழுதியதுதான்.

1938-ல் சீபோர்க், லிவிங்குட் என்ற இருவர் அமெரிக்காவில் இந்த அயோடினைக் கண்டுபிடித்தார்கள். பிறகு சீபோர்க்கின் அம்மாவுக்கே அது மருந்தாயிற்று என்றும் சொன்னேன். அத்தைக்குக் கணக்கைவிட இதுதான் பிடித்தது.

அக்கா ஒன்றும் பேசவில்லை. பையனைக் கொண்டுபோய் அம்மா மடியில் உட்கார வைத்தாள்.

கொட்டைகள் இப்போது ஹாஸ்டலில் என் பெட்டியில் இருக்கின்றன. வேண்டுபவர்கள் கேட்கலாம். எண்ணிப் பார்த்தால் 97தான். மூன்றை அக்கா பையன் எடுத்து வைத்துக்கொண்டான். அது சிதைவுக் கணக்கில் வராது.