தரங்கம்பாடியில் ஒரு ராத்திரி தங்குங்கள்

தஞ்சாவூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அரையாண்டு லீவில் இரண்டு நாள் கடலோரமாகப் போய்வர ஆசை. பிள்ளைகள் ஆறாவதும் ஒன்பதாவதும் படிக்கிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. வேளாங்கண்ணி என்றால் கூட்டம். தரங்கம்பாடி போகலாமே என்றால், ‘அங்கே என்ன இருக்கு, ஒரு மணி நேரத்தில் முடிஞ்சிடும்’ என்கிறார் வீட்டுக்காரர். போகலாமா?”

தாராளமாகப் போகலாம். வீட்டுக்காரர் சொல்வதிலும் பொய்யில்லை. அவர் பெரும்பாலும் நவக்கிரகச் சுற்றிலோ, திருக்கடையூரில் யாருடைய அறுபதாம் கல்யாணத்துக்கோ வந்துவிட்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு வேனிலிருந்து இறங்கியிருப்பார். கொளுத்தும் வெயிலில் கோட்டை வாசலில் ஒரு படம், கரையில் ஒரு படம், ஒரு இளநீர். அந்த நேரத்தில் அந்த ஊரில் உண்மையிலேயே ஒன்றுமில்லை. தரங்கம்பாடி காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கரைக்குப் பின்னும் இருக்கிற ஊர். அதனால்தான் ஒரு ராத்திரி தங்கச் சொல்கிறேன். முதல் நாள் மாலை போய்ச் சேர்ந்து மறுநாள் மத்தியானம் கிளம்பினால் உங்களுக்கு ஒரு முழு மாலையும் ஒரு முழுக் காலையும் கிடைக்கும். அந்த ஊருக்கு அது போதும்.

அரையாண்டு லீவு மட்டும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை மார்கழியிலும் நம் டெல்டாவை விட்டபாடில்லை. வாடைக் காற்றில் கடல் கலங்கிக் கிடக்கும், பிள்ளைகள் கால் நனைக்கக்கூட யோசிக்க வேண்டும். டிசம்பர் 26 சுனாமி நாள் வேறு. 2004-இல் அலை புகுந்த ஊர் இது. அந்தக் காலையில் கரையில் அஞ்சலி செலுத்துகிற குடும்பங்களுக்கு நடுவே நாம் பலூனோடு போய் நிற்பது சரியல்ல. கோடை லீவும் எனக்கு உடன்பாடில்லை, காரணம் மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகுகள் போகும், மீன் வரும். ஆனால் வகை குறையும், விலை ஏறும். கடலோரம் போய்ப் பிராய்லர் கோழி தின்று வந்த குடும்பங்களை நான் அறிவேன்.

காணும் பொங்கல் கூட்டம் கலைந்தபின், தை கடைசியிலோ மாசியிலோ போங்கள். வெயில் ஏறியிருக்காது, கடல் அடங்கியிருக்கும். கிழமையும் முக்கியம். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது நம் மாநிலத்தில் வழக்கம், கோட்டைக்குள் இருப்பதும் அந்த வகைதான். சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டத்தில் காரைக்கால் பக்கம் அறை கிடைப்பது கஷ்டம். முகூர்த்த நாளில் திருக்கடையூர் விடுதிகள் அறுபதுக்கும் எண்பதுக்கும் மாலை மாற்றுகிற குடும்பங்களால் நிரம்பிவிடும், நாகஸ்வரம் விடிவதற்கு முன்பே எழுப்பிவிடும். ஆகவே முகூர்த்தமில்லாத ஒரு ஞாயிறு மாலை போய்த் திங்கள் திரும்புவதுதான் உத்தமம். பிள்ளைகள் ஒரு நாள் லீவு போட்டால் குடி முழுகிவிடாது.

பௌர்ணமி ஞாயிறை ஒட்டி வந்தால் விடாதீர்கள். கிழக்குக் கரையில் கடலில் சூரியன் மறையாது. அது நம் வயல்களுக்குப் பின்னால் போய்விடும். பதிலாக, பௌர்ணமியன்று பொழுது சாய்கிற வேளையில் கடலிலிருந்து நிலா எழும். மறுநாள் அதுவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும். அந்த நாட்களில் அலை கொஞ்சம் மேலேறி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். காரில் நிதானமாக மூன்று மணி நேரம். ரயிலில் போகிறவர்கள் மயிலாடுதுறையில் இறங்கிப் பொறையாறு பஸ் பிடிக்க வேண்டும். தரங்கம்பாடி வரைக்கும் ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் ரயிலே போனது. 1926-இல் வந்து 1986-இல் நின்றுபோன பாதை அது. மாமியாருக்கு நினைவிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். காரில் போனால் ஒரு எச்சரிக்கை: தை, மாசி சம்பா அறுவடைக் காலம். சாலையில் பாதிக்கு நெல்லைக் காயவைத்துச் சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். அறுவடை இயந்திரமும் கொள்முதல் நிலையத்து லாரியும் எதிரே வரும். இருட்டினால் அந்தக் கல் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள்.

ஊருக்குள்ளேயே தங்குவதானால் இடங்கள் கொஞ்சம்தான். கடலைப் பார்த்த பழைய பங்களாவைப் புதுப்பித்த பாரம்பரிய விடுதி ஒன்று உண்டு. வாடகை கூடுதல். மாமியாருக்குக் கீழ்த்தளத்து அறை வேண்டும் என்று முன்பதிவு செய்யும்போதே அழுத்திச் சொல்லுங்கள், பழைய கட்டடப் படிகள் உயரமானவை. செலவு கட்டாது என்றால் பொறையாற்றில் தங்குங்கள், ஆட்டோவில் எட்டிவிடுகிற தூரம். காரைக்காலில் தங்கி வந்துபோகலாமே என்பார்கள். அறை நன்றாகவும் மலிவாகவும் இருக்கும், அதிகாலைக் கடல் மட்டும் போய்விடும். அப்புறம் இந்தப் பயணமே எதற்கு? வீட்டு ஆண்களுக்கு இன்னொரு சேதி: காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. அங்கே வாங்கும் பாட்டிலோடு இந்தப் பக்கம் வந்தால் சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள், வழக்கும் ஆகும். குடித்துவிட்டுக் கடலில் இறங்குவது அதைவிட மோசம்.

முதல் நாள் மாலையில் கோட்டையிலிருந்து தொடங்குங்கள். மூடும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது, பராமரிப்பு வேலைக்காக அடைத்திருப்பதும் உண்டு. உள்ளே போகுமுன் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி போடுங்கள்: டென்மார்க்காரனுக்கு இந்த இடத்தை யார் கொடுத்தது? நம் ஊர் ராஜாதான். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர், ஓவே கியெட்டே என்ற டேனியத் தளபதியோடு ஒப்பந்தம் செய்தார். மிளகு வியாபாரத்துக்காக வந்தவர்கள் கட்டியது இந்த டேன்ஸ்போர்க் கோட்டை. டேனிய அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

டேனியர்கள் 1845-இல் இந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1860-களின் தொடக்கத்தில் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று, கப்பலும் வியாபாரமும் அதன் பின்னால் போயின. தரங்கம்பாடி அப்படியே நின்றுவிட்டது. இந்த ஊர் சின்னதாக, சத்தமில்லாமல் இருப்பதற்கு அந்த நஷ்டம்தான் காரணம். நமக்கு அது லாபம்.

மேல்தளத்துக்கு மாமியார் ஏறத் தேவையில்லை. கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே உள்ள திடலில் காற்றாட உட்கார்ந்திருக்கலாம். ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள், காரில் போகிறவர்கள் யாருமே எடுத்துப்போகாத, எல்லோருக்குமே தேவைப்படுகிற பொருள் அது.

மறுநாள் ஐந்தரைக்கு எழுப்புங்கள். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. தையில் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் வரும். அதற்கு முன்பே படகுகள் கரைதட்டத் தொடங்கியிருக்கும். வலையிலிருந்து மீனைப் பிரிப்பதும் கூடையில் கொட்டி ஏலம் விடுவதும் பிள்ளைகளுக்குக் கோட்டையைவிடப் பிடிக்கும். தள்ளி நின்று பார்க்கட்டும். காய்கிற வலையை மிதிக்கக் கூடாது. படகில் ஏறி நின்று படம் எடுப்பதானால் படகுக்காரரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மீன் விற்கிற அம்மாவின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டக் கூடாது. சுனாமி பற்றி அவர்களாகப் பேசினால் கேளுங்கள். “உங்க வீட்டில் யாரும்...” என்று நாமாக ஆரம்பிக்க வேண்டாம்.

கடலுக்குப் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. முன் பகுதியை அலை தின்றுவிட்டது. கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருப்பது ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் இதைக் காட்டினால் போதும்.

அந்தக் கற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கினால் எலும்பு முறியும். இடுக்கில் கால் மாட்டினால் அடுத்த அலை காத்திருக்காது. செல்பிக்காக யாரையும் ஏறவிடாதீர்கள். குளிக்கிற ஆசை வந்தால் முதலில் கரையிலுள்ள மீனவரிடம் “இன்னிக்கு நீவாடு எப்படிண்ணே?” என்று நீரோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் சரி என்றாலும் பிள்ளைகள் முழங்கால் அளவுக்கு மேல் போகக் கூடாது. இந்தக் கரையில் ஆழம் சட்டென்று விழும். அலைகள் உடைகிற வரிசையில் ஓரிடம் மட்டும் அலையில்லாமல் அமைதியாகத் தெரிந்தால் அங்கேதான் இறங்கத் தோன்றும். பெரும்பாலும் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்குள் ஓடுகிற வழி அதுதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடக் கூடாது. கையைத் தூக்கிக் கூப்பிட்டபடி மிதக்க வேண்டும், நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு வெளியே வர வேண்டும். காப்பாற்ற நீங்கள் குதிக்காதீர்கள். ஐந்து லிட்டர் காலித் தண்ணீர் கேனை மூடி, அதைத் தூக்கிப் போடுங்கள், பிடித்துக்கொண்டு மிதக்கலாம். ஒரு கேனைக் கையோடு கரைக்கு எடுத்துப் போனால் என்ன குறைந்துவிடும்? நாகையிலோ காரைக்காலிலோ புயல் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

இங்கே ஓசோன் காற்று வீசுகிறது, சுவாசித்தால் ஆயுசு கூடும் என்று யாராவது சொல்வார்கள். தலையாட்டிவிட்டு நகருங்கள். நம் மூக்கு மட்டத்தில் ஓசோன் இருந்தால் அது நுரையீரலுக்குக் கெடுதல். கடல்மணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்களால் உண்டாகிற ஒரு கந்தகச் சேர்மத்தின் வாசனை. காற்று நன்றாக இருக்கிறது என்பது வேறு விஷயம். அதற்கு ஓசோன் தேவையில்லை.

காலைப் பலகாரம் முடிந்தபின் கிங்ஸ் தெருவில் நடக்க வேண்டும். கடலிலிருந்து 1792-இல் கட்டிய ஊர்வாசல் வரை நீளும் தெரு, நடக்க முடியாதவர்கள் ஆட்டோவில் வரலாம். 1701-இன் சீயோன் தேவாலயமும் 1718-இன் புதிய எருசலேம் தேவாலயமும் இங்கேதான். 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்க் பாதிரியார் இரண்டாவது கோயிலுக்குள் அடக்கமாகியிருக்கிறார். அவர் தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டை 1715-இல் தமிழில் அச்சிட்டு முடித்தார். காகிதம் போதாமல் பொறையாற்றில் ஆலையும் வைத்தார்கள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு இன்னொரு சரடும் உண்டு. 1750-இல் இதே ஊருக்கு வந்துசேர்ந்த சுவார்ட்ஸ் பாதிரியார்தான் பிற்காலத்தில் நம் இரண்டாம் சரபோஜியின் குரு. தஞ்சையில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் சரபோஜி அவருக்கு வைத்த சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. கிளம்புமுன் அதைப் பார்த்துவிட்டுப் போனால் கிங்ஸ் தெரு வெறும் பழைய வீட்டு வரிசையாகத் தெரியாது.

சாப்பாட்டை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஊருக்குள் ஓட்டல்கள் குறைவு, மீன் சாப்பாடு வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும். மத்தியானமே மீன் சாப்பிடுங்கள், ராத்திரிக்கு வரும் துண்டு என்றைக்கு வந்ததோ தெரியாது. எது வேண்டும் என்று கேட்டால் வஞ்சிரம் என்று சொல்லாமல் “இன்னிக்கு என்ன வந்துச்சு?” என்று திருப்பிக் கேளுங்கள். சங்கராவோ நெத்திலியோ கிடைத்தால் அதிர்ஷ்டம்.

திரும்பும் வழியில் தில்லையாடியில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று, 1914-இல் 16 வயதில் இறந்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊர் அது. நினைவு மண்டபம் இருக்கிறது. மறு ஆண்டே காந்தி அந்த ஊருக்கு வந்தார். உங்கள் மூத்த பிள்ளைக்கு ஏறத்தாழ அந்த வயது நெருங்குகிறது, அவளோ அவனோ கொஞ்சம் நின்று படிக்கட்டும். திருக்கடையூர் கோயிலை மாமியார் விடமாட்டார், வழியில்தான் இருக்கிறது. ஆனால் மத்தியானம் நடை சாத்தியிருக்கும், காலையிலேயே முடித்துவிடுங்கள் அல்லது போகிற வழியில் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு மீன் வாங்கினால் மூன்று மணி நேரம் தாங்குகிற அளவு ஐஸ் போட்டுத் தெர்மகோல் பெட்டியில் வையுங்கள். செவுள் சிவப்பாகவும் கண் பிதுங்கித் தெளிவாகவும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். கருவாடு என்றால் இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி இறுக மூடும் டப்பாவுக்குள். பஸ்ஸில் போவதானால் அதையும் கடைசி சீட்டுக்கடியில்.